இரும்புக்கு உள்ள மரியாதை

போன மாதம் கீழ்ப் பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம். பழக்குலைகளை ஆலைக்கு இழுத்துப் போகும் குட்டி ரயில் இன்னும் ஓடுகிற தோட்டம் அது. கூட்டம் முடிந்து வெளியே வந்தால், தண்டவாளத்து ஓரமாக இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு ஜப்பானியரும் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முட்டியெல்லாம் சேறு. அதில் ஒருவர் தம் கைக்குட்டையாலேயே எஞ்சினின் பக்கத் தகட்டைத் துடைத்து, அதிலுள்ள நம்பரைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எந்தக் கம்பெனி செய்தது, எந்த ஆண்டு, தண்டவாளத்தின் அகலம் என்ன, பழைய கரி எஞ்சின் ஏதாவது ஷெட்டில் கிடக்கிறதா என்று ஒரே கேள்வி.

நம் பையன் ஒருவன் என் காதில் சொன்னான்: "அண்ணே, பைத்தியக்காரனுங்க. துருப்பிடிச்ச இரும்பைப் பார்க்கப் பிளேன் ஏறி வந்திருக்கானுங்க."

அந்த எஞ்சினை இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிற நம் தோழர் பக்கத்திலேயே நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, படத்தில் தாமும் விழும்படி கொஞ்சம் நகர்ந்தும் பார்த்தார். "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி, மரியாதையாகத்தான், அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எஞ்சின் முழுசாகத் தெரிய வேண்டுமாம்.

தோழர்களே, அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்களை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். முற்றத்தில் கறுப்பாக ஒரு நீராவி எஞ்சின் நின்றது. என் உயரத்துக்குச் சக்கரம். ஏறக் கூடாது என்று வாத்தியார் சொன்னார், நான் ஏறினேன், காதைத் திருகி இறக்கிவிட்டார். வலித்த காதோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

ஆகவே இந்த ஆர்வலர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. நீராவி எஞ்சின் மற்ற இயந்திரம் மாதிரி இல்லை. டீசல் எஞ்சினுக்கு எல்லாம் உள்ளே அடக்கம், மூடி போட்டிருக்கும். நீராவி எஞ்சின் தான் செய்கிற வேலையை ஊருக்கே காட்டும். நெருப்பு தெரியும், தண்ணீர் கொதிப்பது கேட்கும், ஆவி உள்ளே போய்ப் பிஸ்டனைத் தள்ளுவதும் அந்தத் தண்டு சக்கரத்தைச் சுற்றுவதும் கண்ணுக்கு எதிரே நடக்கும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். வேலை செய்கிறவனுக்கு அதைப் பார்த்தால் ஒரு பாசம் வரத்தான் செய்யும்.

செந்தூலில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர். ரயில்வேயில் எஞ்சின் துடைக்கிற வேலையில் சேர்ந்து ஃபயர்மேன் ஆனவர். நான் போனாலே, "வாய்யா சங்கத்துக்காரரே" என்று கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை சொல்வார். அவர் வேலை செய்தது அந்தக் காலத்து 56-ஆம் வகுப்பு எஞ்சினில். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1938-க்கும் 1946-க்கும் இடையில் மலாயாவுக்கென்றே செய்து அனுப்பிய எஞ்சின்கள் அவை. போருக்குப் பிறகு நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் ஓடும்படி மாற்றினார்கள்.

"எண்ணெய்னா சுகம்னு நெனைக்காதீங்க," என்பார் பெரியவர். "புகையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். கறுப்பா வந்தா எண்ணெய் ஜாஸ்தி, வெள்ளையா வந்தா காத்து ஜாஸ்தி. குழாய்ல கரி படிஞ்சா மணலை அள்ளி நெருப்புக்குள்ள போடணும், அது அறுத்துக்கிட்டுப் போகும், பின்னாடி பொட்டியில இருக்கிற ஜனமெல்லாம் திட்டும். தண்ணி மட்டம் இறங்கிச்சுன்னா நானும் இல்லை, டிரைவரும் இல்லை, பாய்லர் எங்களை மேலே அனுப்பிடும்."

1957-ல் பெரிய டீசல் எஞ்சின்கள் வந்தன. எழுபதுகளில் நீராவி ஓய்ந்தது. பெரியவரின் கை வித்தையும் அதோடு ஓய்ந்தது. புகையின் நிறத்தைப் பார்த்து நெருப்பை அளக்கத் தெரிந்தவரிடம் யாராவது வந்து, அய்யா கொஞ்சம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டதுண்டா? "நீங்க ஒருத்தர்தான்யா கேக்கிறீங்க, அதுவும் தேத்தண்ணி குடிக்க வந்த எடத்துல," என்றார்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் தாலிலின் என்று ஒரு சின்ன ரயில் பாதை. மலையில் வெட்டிய கூரைக் கற்பலகையைக் கீழே கொண்டுவர 1860-களில் போட்டது. நம் தோட்ட ரயில் மாதிரிதான், முதலாளியின் சரக்குக்காகப் போட்டது. சுரங்கம் மூடிப் பாதை அழியப் போகும் நேரத்தில் ஊர் ஊராக ஆர்வலர்கள் கூடி, 1951-ல் தாங்களே அதை எடுத்து நடத்தினார்கள். இப்படித் தொண்டர்கள் கையில் எடுத்துக் காப்பாற்றிய முதல் ரயில் உலகத்திலேயே அதுதான். பிறகு அந்த நாடு முழுக்க இது பரவியது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் நீராவி ஓட்டத்தை நிறுத்தியது. ஆனால் இன்றைக்கும் சனி ஞாயிறுகளில் கணக்கப்பிள்ளையும் வாத்தியாரும் எண்ணெய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து கரி அள்ளிப் போடுகிறார்கள். சம்பளம் கிடையாது.

சம்பளம் கிடையாது என்றதும் சங்கத்துக்காரனான எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது! ஆனால் அங்கே அது பொழுதுபோக்கு. யார் வயிற்றையும் அடித்துச் செய்கிற வேலை இல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதே வேல்ஸில் பெஸ்டினியோக் என்ற பாதையில் லிண்டா, பிளான்ஷ் என்று இரண்டு எஞ்சின்கள். 1893-ல் செய்தவை, ஆர்வலர்களுக்கு உயிர். அவை முதலில் இருந்தது பென்ரின் என்ற கற்சுரங்கத்தில். பெயர்கள் யாருடையவை தெரியுமா? முதலாளி பென்ரின் பிரபுவின் குடும்பத்துப் பெண்கள் பெயர்கள். அந்தச் சுரங்கத்தில்தான் 1900 நவம்பரில் 2,800 பேர் அளவில் வேலையை விட்டு வெளியேறினார்கள். சங்க உரிமைக்காக. மூன்று வருஷம், தோழர்களே, மூன்று வருஷம்! 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று அட்டை எழுதிச் சன்னலில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். 1903-ல் தோற்றுத்தான் திரும்பினார்கள். பிரபு வீட்டுப் பெண்களின் பெயர் பித்தளையில் மின்னுகிறது. அந்த 2,800 பேரில் ஒருவர் பெயர் எந்த எஞ்சினில் இருக்கிறது?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வேல்ஸ் மக்கள் அந்த அட்டைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பேரன் பேத்திகள் அந்த வேலைநிறுத்தத்தை இன்னும் பேசுகிறார்கள். நாம் எதை வைத்திருக்கிறோம்?

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இந்த நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885 ஜூன் 1-ஆம் தேதி ஓடியது. எட்டு மைல் பாதை. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. பாதை போட்டது சிலோனிலிருந்து கொண்டுவந்த பயனியர் படைத் தொழிலாளர்கள். போர்ட் வெல்ட்டுக்கு இப்போது கோலா செப்பெத்தாங் என்று பெயர், ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஊர்ப் பெயர் எழுதிய பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், அதோடு தமிழ்! மீன் சாப்பிட அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அதில் ஏன் தமிழ் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரிந்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

ரயிலுக்குப் போட்ட கரி எங்கிருந்து வந்தது? பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து. அங்கே 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் சீனத் தோழர்கள், வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்தார்கள். கரி நின்றால் ரயில் நிற்கும் என்று அரசாங்கம் நடுங்கிப் போலீஸை அனுப்பியது. எஞ்சினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் அது தின்ற கரியைப் பற்றிப் பேசுவதில்லை.

இனி நான் சொல்லப் போவது என் வீட்டு விஷயம்.

என் தாத்தா 1943-ல் சயாமுக்குப் போனவர். சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டம். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று பெரட்டுக் களத்தில் வைத்து ஆசை காட்டினார்கள். தாத்தாவும் அவர் தம்பியும் பெயர் கொடுத்தார்கள். பெயர் கொடுக்காத தோட்டங்களில் வேறு வழி. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கதவைப் பூட்டி, அப்படியே லோரியில் ஏற்றினார்கள். மூடிய கூட்ஸ் பெட்டியில் நின்றபடி பான்போங் வரை பயணம். அங்கிருந்து காட்டுக்குள் நடை. தம்பி அந்த வருஷத்து மழைக்காலத்தில் வாந்திபேதியில் போனார். புதைத்தார்களா எரித்தார்களா என்பதுகூடத் தாத்தாவுக்குத் தெரியாது. வேறு கம்பத்தில் இருந்தாராம்.

அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல், அதில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். மலாயாவிலிருந்து போன தொழிலாளர் 75,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பதிவான சாவே ஏறக்குறைய 30,000. உண்மைக் கணக்கு அதற்கும் மேலே என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆட்களை மட்டுமா கொண்டுபோனார்கள்? தம்பின் – மலாக்கா பாதையையும் கிழக்குக்கரைப் பாதையில் பெரும் பகுதியையும் பெயர்த்து அந்தத் தண்டவாளங்களையும் சயாமுக்கு ஏற்றினார்கள். மலாக்கா நகரத்துக்கு அதன் பிறகு ரயிலே வரவில்லை.

அந்தப் பாதையில் ஓட்ட ஜப்பானியர் கொண்டுவந்த எஞ்சினுக்கு சி56 என்று பெயர். சின்ன எஞ்சின், லேசான தண்டவாளத்துக்கு ஏற்றது. மொத்தம் செய்தது 160. அதில் முதல் 90-ஐ நம் பக்கத்து மீட்டர் அகலத்துக்குச் சக்கரம் மாற்றித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். ஆர்வலர்கள் அந்த 90-இல் ஒவ்வொன்றும் எங்கே போனது, எது உடைந்தது, எது தப்பியது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். 31-ஆம் நம்பர், பாதைத் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின், 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பியது. ரயில் படையில் இருந்த பழைய சிப்பாய்கள் பணம் சேர்த்துக் கொண்டுபோனார்கள். இன்று தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் பளபளவென்று நிற்கிறது. 44-ஆம் நம்பரும் அதே வருஷம் திரும்பியது. ஓய்கவா என்ற ரயில் பாதையில் மறுபடி ஓடவும் செய்தது. 2015-ல் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து, முன்னால் சிரிக்கிற முகம் ஒன்றை மாட்டி, சிறுபிள்ளைக் கதையில் வருகிற ஜேம்ஸ் என்ற எஞ்சினாக ஓட்டினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் என்ன செய்யும்? ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை.

சாயம் பூசுவதும் சாமர்த்தியம்தான். 90 எஞ்சினுக்கும் தனித்தனி ஜாதகம் இருக்கிறது. 75,000 பேருக்கு ஒரு முழுப் பட்டியல் உண்டா? காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் மயானம் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய 7,000 கல்லறை, ஒவ்வொன்றையும் பேர் பேராகப் பராமரிக்கிறார்கள். செய்ய வேண்டியதுதான், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். நம்மவர்களுக்கு? குழி குழியாகக் கொட்டி மூடியதோடு சரி. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-ல் வந்த படத்தை உலகமே பார்த்தது. அந்தப் படத்தில் நம் ஆட்களின் கதை இல்லை. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசி வாக்கில் அந்தப் பாலத்தில் ஒளி ஒலிக் காட்சி, நீராவி எஞ்சின் ஓட்டம் எல்லாம் நடக்கிறது. அங்கே ஒரு பழைய புத்தக் கோயில் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் மொத்தமாகப் புதைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே 2024-ல்தான் தாய்லாந்துத் தமிழர்கள் முன்நின்று ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது வருஷம் கழித்து! நம் நாட்டிலும் சில ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக வீடு வீடாகப் போய் இந்தக் கதைகளைச் சேர்த்துவருகிறார்கள். அவர்களுக்கு நம் தொழிற்சங்கக் கிளைகள் எத்தனை உதவியிருக்கின்றன? என் கிளையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

தாத்தா திரும்பி வந்தபின் ரயில் ஏறவே இல்லை. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ரயில் பாதை. "சாப்பிடுறப்ப ரயில் கூவிச்சுன்னா அப்பா தட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போயிடுவாரு" என்று என் அப்பா சொல்வார். டீசல் எஞ்சின் வந்து கூவல் மாறிய பிறகுதான் அந்தப் பழக்கம் குறைந்ததாம். நான் அருங்காட்சியகத்தில் எஞ்சின் மேல் ஏறிய கதையைத் தாத்தாவிடம் சொல்லியிருப்பேன், அவர் அதற்கு முன்பே போய்விட்டார். சொல்லாமல் இருந்ததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

இனி சில தோழர்கள் கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். "குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியில் வந்தும் அதைப் பிடித்தம் போகக் கையில் வாங்குவது பெரும்பாடு. வீட்டுப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. இந்த நேரத்தில் பழைய இரும்பைப் பற்றி என்ன பேச்சு?" நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்தில் இருந்த குடும்பங்களுக்கு நோட்டீஸ். நாங்கள் போய்ப் பேசினோம். எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள், அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். நம் ஜனங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? செக்ரோல் புத்தகம் கம்பெனியிடம். பிறந்த பத்திரம் பாதிப் பேருக்குத் தொலைந்தது. "எங்க பாட்டி இங்கதான்யா புதைஞ்சிருக்கு" என்று ஒரு அம்மா சொன்னார். அது காகிதம் இல்லையே! கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் கழித்து அந்த வழியாகப் போகிறேன். புது வீடமைப்பின் வாசலில், பூச்செடிகளுக்கு நடுவில், தோட்டத்தின் பழைய குட்டி எஞ்சினுக்குப் பச்சைச் சாயம் பூசி மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சின் செய்த ஆண்டும் கம்பெனியும் பலகையில் இருக்கின்றன. இந்த இடத்தின் பாரம்பரியமாம். அந்த எஞ்சினை ஓட்டியவரின் மகன் பட்டணத்துக்கு வெளியே வாடகை அறையில் இருக்கிறார். எனக்குத் தெரியும், அவர் சந்தாவை நான்தான் வசூலித்தேன்.

எஞ்சினிடம் காகிதம் இருந்தது. அதனால் அதற்கு இடம் கிடைத்தது. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது எஞ்சின் ஆர்வலர்களோடு சண்டை இல்லை, அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது. ஒரு தகட்டு நம்பருக்காக மண்டியிட்டு உட்கார்ந்தாரே அந்த மனிதர், அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். தோட்டத்தின் பெயர், முதலில் வந்தவர் பெயர், எந்த ஆண்டு, என்ன வேலை, சயாமுக்குப் போனவர் உண்டா, திரும்பினாரா. பழைய சம்பளச் சீட்டு, சங்க அட்டை, படம் எது இருந்தாலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தோட்ட ரயில் ஓட்டியவர், ரயில்வேயில் சிலிப்பர் கட்டை போட்டவர், கேங்கில் இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். எண்பது வயசுக்காரரிடம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, நிர்வாகங்களுக்கும் அரசாங்கத்துக்கும். எஞ்சினை நிறுத்துகிறீர்கள், நல்லது, நிறுத்துங்கள். பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். ஓட்டியவர்கள், பாதை போட்டவர்கள் பெயரோடு, நான்கு மொழியிலும். போர்ட் வெல்ட் பலகையில் அன்றைக்கே செய்ததுதானே? இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பெயர்களை நாங்கள் தருகிறோம்.

கீழ்ப் பேராக்குக்கு மறுபடி போயிருந்தேன். அந்த எஞ்சின் தோழரிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். "என் பேரு எதுக்குண்ணே, எங்கப்பா பேரைப் போடுங்க, அவருதான் மொதல்ல ஓட்டுனாரு" என்றார். இரண்டையும் எழுதியிருக்கிறேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, தன் பாட்டனாரும் சயாமுக்குப் போனவர்தான் என்றும், பெயர் அம்மாவுக்குத்தான் தெரியும், அம்மா சித்தியவானில் இருக்கிறார் என்றும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தியவான் போகிறேன். அந்தப் பக்கத்துத் தோழர்கள் யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால், காலையிலேயே வந்துவிடுவேன், சாயங்காலம் வரை இருப்பேன்.